மாடி டேங்கும் அப்பளக் கட்டும்: உருளையைப் புரிந்துகொள்ள ஒரு வழி

போன கோடையில் பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு தண்ணீர்த் தகராறு நடந்தது. மொத்தம் நான்கு குடித்தனம். பழைய கறுப்பு டேங்கின் அடியில் விரிசல் விட்டதால் ஓனர் புதிதாக ஒன்று வாங்கி வைத்தார். பழையதைவிட ஓரடி உயரம். "பாருங்க, பெரிய டேங்காவே போட்டுட்டேன்" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மேல் வீட்டு அக்கா கதவைத் தட்டினார். "முன்னாடி எட்டு மணி வரைக்கும் தண்ணி வரும். இப்ப ஏழரைக்கே குழாய்ல காத்துதான் வருது." யார் வீட்டில் துணி அதிகம் துவைக்கிறார்கள், யார் குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பேச்சு வேறு பக்கம் போனது.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஓரமாகக் கிடந்த பழைய டேங்க் 120 சென்டிமீட்டர் அகலம், 100 சென்டிமீட்டர் உயரம். புதியது 100 அகலம், 130 உயரம். கணக்குப் போட்டால் புதிய டேங்கில்தான் தண்ணீர் குறைவு. யார் மேலும் தப்பில்லை. உயரத்தைப் பார்த்து அளவை முடிவு செய்ததுதான் தப்பு.

மாலையில் நான் டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் உருளையின் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இரண்டு டப்பாவை முன்னால் வைத்து எதில் அதிகம் பிடிக்கும் என்று கேட்டால், உயரமானதைத்தான் கை காட்டுவார்கள். பெரியவர்களும் அப்படித்தான். உருளையை நாம் தினமும் தொட்டுப் புழங்குகிறோம், ஆனால் அதை யாரும் நமக்குச் சரியாக அறிமுகம் செய்து வைத்ததில்லை. அந்த அறிமுகத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எது உருளை, எது இல்லை

பேச்சுவழக்கில் சிலிண்டர் என்றாலே சமையல் கேஸ்தான். 14.2 கிலோ கேஸ் பிடிக்கும் அந்தச் சிவப்புச் சிலிண்டரின் நடுப்பகுதி மட்டும்தான் உருளை. மேலும் கீழும் குவிந்திருப்பதால் கணிதத்தில் அதை முழு உருளை என்று சொல்ல மாட்டோம். தட்டையாக மூடினால் உள்ளேயிருக்கும் அழுத்தம் அந்த மூடியைப் புடைக்க வைத்துவிடும். அதனால்தான் குவித்துச் செய்கிறார்கள்.

கணிதத்தில் உருளை என்பது இது: ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்கள், ஒன்றுக்கொன்று இணையாக, ஒன்றுக்கு நேர் மேலே இன்னொன்று. இரண்டையும் சுற்றிச் சேர்க்கும் ஒரு வளைந்த சுவர். இப்படி நேராக நிற்பதை நேர்வட்ட உருளை என்பார்கள். வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரம் ஆரம். நடுவைத் தொட்டபடி ஓரத்திலிருந்து ஓரம் வரை அளந்தால் விட்டம். அது ஆரத்தைப் போல் இரண்டு மடங்கு. இரண்டு வட்டங்களுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரம் உயரம். இரண்டு வட்டங்களின் மையங்களையும் இணைக்கும் கோடு அச்சு.

பித்தளை காபி ஃபில்டர் உருளை. காபி டம்ளர் அப்படியில்லை, அதன் வாய் அகலம், அடி குறுகல். சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை உண்டு. பொருளைத் தரையில் படுக்கவைத்து உருட்டிவிடுங்கள். உருளை நேராக ஓடும். டம்ளர் வளைந்து வட்டம் போட்டுத் திரும்பும், ஏனென்றால் அதன் அகலமான பக்கம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது. 'உருள்' என்ற வினையிலிருந்துதான் நம் உருளை வந்தது. சிலிண்டருக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் உருளுதல்தான் வேர். தூரத்தில் இருந்த இரண்டு மொழிக்காரர்களும் ஒரே குணத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

பள்ளியில் கேட்கும் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உருளைக்கு மூன்று முகங்கள்: தட்டையான இரண்டு, வளைந்த ஒன்று. விளிம்புகள் இரண்டு. உச்சி, அதாவது கூர்மூலை, ஒன்றுகூட இல்லை.

அப்பளக் கட்டு

உருளைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்குப் பெயர் கனஅளவு. டேங்கில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்கும்போது நாம் கேட்பது இதைத்தான்.

இதைப் புரிந்துகொள்ள அப்பளக் கட்டைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஓர் அப்பளம் மெல்லிய வட்டம். ஐம்பது அப்பளத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஓர் உருளை. கட்டில் மொத்தம் எவ்வளவு மாவு இருக்கிறது? ஓர் அப்பளத்தின் பரப்பைத் தெரிந்துகொண்டு, கட்டின் உயரத்தால் பெருக்கினால் போதும். பரப்பு என்றால் ஒரு தளம் அடைத்துக்கொள்ளும் இடம். அவ்வளவுதான் கனஅளவின் சூத்திரம்: அடி வட்டத்தின் பரப்பு × உயரம்.

உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அப்பளமும் இரண்டு மடங்கு, கனஅளவும் இரண்டு மடங்கு. இதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. குழப்பமெல்லாம் அப்பளத்தைப் பெரிதாக்கும்போதுதான்.

அகலம் இரண்டு முறை கணக்கில் வரும்

அப்பளத்தை விட்டுவிட்டு அடுப்படிக்கு வாருங்கள். ஒரு கரண்டி மாவில் அரையடி அகலத்துக்குத் தோசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கனத்தில் ஓரடித் தோசை வேண்டும். எத்தனை கரண்டி?

இரண்டு என்று சொல்லத் தோன்றும். ஊற்றிப் பார்த்தவர்களுக்கு நான்கு என்று தெரியும். தோசை அகலவாக்கில் இரண்டு மடங்கு ஆகும்போது நீளவாக்கிலும் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. இரண்டு இரண்டு நான்கு. மூன்று மடங்கு அகலமென்றால் ஒன்பது கரண்டி.

இதைத்தான் சூத்திரத்தில் ஆரம் × ஆரம் என்று எழுதுகிறோம். ஆரத்தின் நீளத்தையே பக்கமாக வைத்து ஒரு சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். வட்டத்தின் பரப்பு அப்படிப்பட்ட மூன்று முழுச் சதுரங்கள், அதோடு நான்காவது சதுரத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கு. அந்த மூன்றும் ஏழில் ஒன்றும்தான் பள்ளியில் படித்த 22/7. அதற்குப் பெயர் பை. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தாலும் இதே எண்தான் வரும். 499இல் ஆரியபட்டர் 20,000 விட்டத்துக்குச் சுற்றளவு 62,832 என்று எழுதினார், வகுத்தால் 3.1416. அதை முடிவான அளவு என்று சொல்லாமல், 'அருகில் வரும் அளவு' என்றே குறித்தார். நம் கணக்குக்கு 3.14 தாராளம்.

இப்போது மாடிக்குப் போவோம். பழைய டேங்க்: ஆரம் 60. அறுபதை அறுபதால் பெருக்கி 3.14ஆல் பெருக்கினால் அடிப்பரப்பு சுமார் 11,300 சதுர சென்டிமீட்டர். உயரம் 100. ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர் என்பதால் 1,130 லிட்டர். புதிய டேங்க்: ஆரம் 50, அடிப்பரப்பு 7,850, உயரம் 130. சுமார் 1,020 லிட்டர். உயரம் 30 சென்டிமீட்டர் கூடியும் 110 லிட்டர் குறைவு, அதாவது பதினைந்து லிட்டர் பக்கெட்டில் ஏழு பக்கெட். நான்கு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டது அந்த ஏழு பக்கெட்டுக்காகத்தான்.

கண் ஏன் ஏமாறுகிறது? ஜான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் குழந்தைகளின் கண் முன்னாலேயே ஒரு குவளைத் தண்ணீரை ஒல்லியான உயரக் குவளைக்கு மாற்றிக் காட்டினார். சின்னக் குழந்தைகள் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றே சொன்னார்கள். வளர்ந்த பிறகு நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். ஆனால் தர்ஷினியில், அதாவது பெங்களூரில் நின்றபடியே சாப்பிடும் சின்ன ஓட்டலில், ஒரே காபியை இரண்டு கப்பில் பிரித்துத் தரும் 'பை டூ' காபி வாங்கும்போது இரண்டு கப்பும் வேறு வேறு அகலத்தில் வந்தால், நம் கை தானாக உயரமான பக்கம் நீள்வதைக் கவனித்துப் பாருங்கள்.

இதுவரை பார்த்தது: கனஅளவு என்பது அடிவட்டப் பரப்பை உயரத்தால் பெருக்கியது. உயரம் கணக்கில் ஒருமுறைதான் வரும், ஆரம் இரண்டு முறை வரும். அதனால் அகலத்தில் ஏற்படும் சின்ன மாற்றம்கூட உயரத்தில் ஏற்படும் பெரிய மாற்றத்தை விழுங்கிவிடும்.

ஒரே தாள், இரண்டு குழல்

அடுத்தது சுவர். உருளையின் வளைந்த சுவரின் பரப்புக்கு வளைபரப்பு என்று பெயர். வளைந்திருப்பதை எப்படி அளப்பது என்று பயப்பட வேண்டாம். பால்பவுடர் டப்பாவைச் சுற்றி ஒட்டியிருக்கும் காகிதத்தை நேராக ஒரு கீறு கீறிப் பிரித்தால் கையில் வருவது ஒரு செவ்வகம். அதன் ஒரு பக்கம் டப்பாவின் உயரம், இன்னொரு பக்கம் டப்பாவின் சுற்றளவு. இரண்டையும் பெருக்கினால் வளைபரப்பு. மேலும் கீழும் உள்ள இரண்டு வட்டங்களையும் சேர்த்துக்கொண்டால் மொத்தப் புறப்பரப்பு.

வளைபரப்பும் கனஅளவும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. நான் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதை நீங்களும் செய்து பாருங்கள். இரண்டு ஏ4 தாள் எடுங்கள். ஒன்றை நீளவாக்கில் நிற்கும்படி சுருட்டி ஓரத்தை ஒட்டினால் ஒல்லியான உயரக் குழல். இன்னொன்றை மறுவாக்கில் சுருட்டினால் குட்டையான தடித்த குழல். இரண்டையும் தட்டில் நிறுத்திப் பொரி நிரப்புங்கள்.

தாள் ஒன்றேதான், ஆக வளைபரப்பும் ஒன்றேதான். ஆனால் உயரக் குழலில் சுமார் 1,040 மில்லிலிட்டர் அளவுக்குப் பொரி பிடிக்கும். குட்டைக் குழலில் சுமார் 1,470. ஒட்டுவதற்கு மடித்ததில் இரண்டிலும் கொஞ்சம் குறையும்; வித்தியாசம் அப்போதும் கண்ணுக்குத் தெரியும். முதல்முறை இதைப் பார்க்கும் பிள்ளைகள் பொரியைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பிப் பார்ப்பார்கள். நம்ப முடியாமல் மறுபடி நிரப்புகிற அந்த நிமிடத்துக்காகத்தான் நான் பாடமே நடத்துகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

இதிலிருந்து இன்னொரு கேள்வி வரும். ஆயிரம் லிட்டர் பிடிக்க வேண்டும், ஆனால் மிகக் குறைந்த பிளாஸ்டிக்கில் டேங்க் செய்ய வேண்டும் என்றால் என்ன வடிவம்? ரொம்ப ஒல்லியானால் சுவருக்கு அதிகம் செலவாகும். ரொம்பத் தட்டையானால் மூடிக்கும் அடிக்கும் அதிகம். நடுவில் ஒரு இடத்தில் மிச்சம் பிடிக்கலாம்: உயரமும் விட்டமும் சமமாக இருக்கும்போது. ஆயிரம் லிட்டருக்கு இரண்டும் சுமார் 108 சென்டிமீட்டர்.

அப்படி உயரமும் விட்டமும் சமமான ஒரு டப்பாவில், எல்லாப் பக்கமும் தொடும்படி ஒரே ஒரு பெரிய லட்டு வைத்தால், லட்டு டப்பாவில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். புறப்பரப்பிலும் அதே மூன்றில் இரண்டு. இதைக் கண்டுபிடித்தவர் ஆர்க்கிமிடீஸ். தம் கண்டுபிடிப்புகளில் இதை அவர் எவ்வளவு நேசித்தார் என்றால், கல்லறையில் உருளையும் கோளமும் செதுக்கச் சொல்லியிருந்தார். அவர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு, கி.மு. 75இல் சிசிலிக்கு அதிகாரியாக வந்த ரோமானியரான சிசரோ, முட்புதருக்குள் மறைந்து கிடந்த கல்லறையை அந்தச் செதுக்கலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

மறுபடி ஒருமுறை: வளைபரப்பு என்பது சுற்றளவை உயரத்தால் பெருக்கியது, விரித்தால் செவ்வகம். அது சுவரின் கணக்கு. கனஅளவு உள்ளிடத்தின் கணக்கு. ஒன்று மாறாமல் இன்னொன்று மாறலாம்.

குழாயும் ஓர் உருளைதான்

"ஒரு இன்ச் பைப் இல்லையா, ரெண்டு அரை இன்ச் போட்டுக்கலாம்." இந்தப் பேச்சை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். தோசைக் கணக்கைக் கேட்டவர்களுக்கு இதில் உள்ள கோளாறு உடனே தெரியும். ஓர் இன்ச் குழாயின் வாய்ப்பரப்புக்கு ஈடாக நான்கு அரை இன்ச் குழாய்கள் வேண்டும். குறுகிய குழாயில் தண்ணீர் சுவரோடு அதிகம் உராய்வதால் உண்மையில் நான்குகூடப் போதாது.

இதே கணக்கை ஊருக்கே போட்டுப் பார்க்கலாம். 2024 அக்டோபரில் பெங்களூருக்குக் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நாளுக்கு 77.5 கோடி லிட்டர். இவ்வளவு தண்ணீரும் 3 மீட்டர் விட்டமுள்ள ஒரே குழாயில் வருவதாக வைத்துக்கொள்வோம். வாய்ப்பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். நொடிக்கு வர வேண்டியது கிட்டத்தட்ட 9 கன மீட்டர். வகுத்தால் வேகம் நொடிக்கு 1.27 மீட்டர், மணிக்கு நாலரைக் கிலோமீட்டர் சொச்சம். ஒருவர் கை வீசி நடக்கும் வேகம்! காவிரி நம் வீட்டுக்கு நடந்தே வருகிறாள் என்று சொல்லலாம். அதே தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் கொண்டுவர வேண்டுமென்றால் வேகம் நான்கு மடங்காக, மணிக்கு 18 கிலோமீட்டராக ஆக வேண்டும். குழாயின் அகலத்தில் பாதியைக் குறைத்தால் மோட்டார் எவ்வளவு பாடுபடும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

சாய்த்தால், வெட்டினால், படுக்கவைத்தால்

அப்பளக் கட்டைக் கையால் லேசாகத் தள்ளிச் சாய்த்துவிடுங்கள். ஒவ்வொரு அப்பளமும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் நகர்ந்து, கட்டு சாய்வாக நிற்கிறது. இது சாய்ந்த உருளை. அப்பளம் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை, கட்டின் செங்குத்து உயரமும் மாறவில்லை. ஆக, கனஅளவும் அதேதான். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: சாய்ந்த சுவரை ஒட்டி அளந்தால் அது உயரமாகாது. தரையிலிருந்து நேராக மேலே அளக்க வேண்டும்.

வாழைத்தண்டு நறுக்குகிறவர்களுக்கு அடுத்தது தெரிந்ததுதான். நேர் குறுக்காக வெட்டினால் வட்டம். கத்தியைச் சாய்த்து வெட்டினால் நீண்ட வட்டம். அதற்கு நீள்வட்டம் என்று பெயர். அச்சை ஒட்டி நெடுக்காகப் பிளந்தால் வெட்டுமுகம் செவ்வகம். மூன்று வடிவமும் ஒரே தண்டிலிருந்து வருகின்றன.

படுத்திருக்கும் உருளைதான் எல்லாரையும் குழப்புவது. தண்ணீர் லாரிக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, மாவட்ட நிர்வாகம் டேங்கர் தண்ணீருக்கு விலை வரம்பு வைத்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 8,000 லிட்டருக்கு 700, 12,000 லிட்டருக்கு 1,000. சரி, ஒரு 6,000 லிட்டர் டேங்கர் படுத்த உருளையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல லாரிகளில் டேங்க் முட்டை வடிவில் நசுங்கியிருக்கும், ஆனால் கீழே சொல்லும் பங்குகள் நீள்வட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். உள்ளே தண்ணீர் பாதி உயரத்துக்கு நின்றால் 3,000 லிட்டர். சந்தேகமில்லை. கால்வாசி உயரத்துக்கு நின்றால்?

1,500 இல்லை. சுமார் 1,170 லிட்டர்தான். நிற்கும் டேங்கில் ஒவ்வொரு அப்பளமும் ஒரே அளவு. படுத்த டேங்கிலோ தண்ணீரின் மேற்பரப்பு அடியில் ஒடுங்கி, நடுவில் விரிந்து, மேலே மறுபடி ஒடுங்குகிறது. அதனால் அடியில் ஒரு சாண் தண்ணீரும் நடுவில் ஒரு சாண் தண்ணீரும் ஒன்றாகாது. கால்வாசி மீதி இருக்கிறது என்று குச்சியைக் காட்டிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை, நிற்கும் டேங்கின் கணக்கைப் படுத்த டேங்குக்குப் போடுகிறார்.

உங்கள் டேங்குக்கு ஓர் எண்

நிற்கும் உருளையில் இந்தத் தொல்லை இல்லை என்பதால், அதை வைத்து மிகவும் பயனுள்ள ஒரு வேலை செய்யலாம். மூடியைத் திறந்து உள் விட்டத்தைச் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பாதியாக்கினால் ஆரம். ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்துவிடுங்கள். கிடைப்பது உங்கள் டேங்கில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்கு எத்தனை லிட்டர் என்ற எண். எங்கள் பழைய டேங்குக்கு அது 11.3. புதியதுக்கு 7.85. அப்புறம் சூத்திரம் எதுவும் வேண்டாம். குச்சியை விட்டு நனைந்த உயரத்தைப் பார்த்துப் பெருக்கினால் போதும். புதிய டேங்கில் 40 சென்டிமீட்டர் நனைந்திருந்தால் 314 லிட்டர்.

மேல் தோள்பட்டை வளைந்திருக்கும் இடத்தில் மட்டும் இந்த எண் பொருந்தாது, அங்கே உருளை முடிந்துவிடுகிறது.

இதை ஓனரிடம் தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அப்ப உயரத்தைப் பாக்காம அகலத்தக் கேட்டு வாங்கியிருக்கணும்" என்றார். மேல் வீட்டு அக்கா பேச்சை நிறுத்திவிட்டு அளவுக்குச்சி தேடப் போனார். டியூஷனுக்கு வரும் கீழ் வீட்டுப் பையன் டேங்கின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் 7.85 என்று எழுதினான். இப்போது காலையில் முதலில் மாடிக்குப் போகிறவர் குச்சியை விட்டுப் பார்த்து, எங்கள் நான்கு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அன்றைய லிட்டரைப் போட்டுவிடுகிறார்.